காற்று அடைத்தவனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

எங்கள் மீனாட்சிபுரத்துக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறு பக்கம் சித்தூர், நடுவில் தென்னந்தோப்பும் செக்போஸ்டும் நாங்களும். சித்தூர்ப் புழைத் தண்ணீர் பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் கடலில் கலக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கொண்டு, கடலுக்கடியில் முழுகிப் பார்க்கிறவர்கள் யாருக்கு எவ்வளவு இனாம் கொடுக்க வேண்டும் என்று ஒருவன் எழுதினால், 'இவனுக்கு வேறு வேலை இல்லையா?' என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. எனினும் சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. அதை எழுதித்தான் இறக்கி வைக்க வேண்டும்.

அந்தப் பையன் ஐ.டி.ஐ. படித்தவன். இங்கே போர்வெல் லாரியில் கம்ப்ரஸர் ஓட்டப் பழகினான். அந்தத் தொழில் தெரிந்ததால், தெரிந்தவர் ஒருவர் அவனை அந்தமானுக்கு அழைத்துப் போய், கடலில் முழுகுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில் சேர்த்துவிட்டார். முதுகில் கட்டிக்கொண்டு முழுகும் சிலிண்டரில் காற்று அடைப்பதுதான் அவன் வேலை. மழைக்காலத்தில் அங்கே கடல் கலங்கிவிடும்; ஆட்கள் வருவது குறையும். அந்த நாட்களில் ஊருக்கு வருவான்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் ரோடு டீக்கடையில் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். 'நல்ல வரும்படிதானே? வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருகிறார்களே, இனாம் நிறையக் கிடைக்குமே?' என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

'தண்ணிக்குள்ள கூடப் போயி மீன் காட்டறவருக்குக் கிடைக்குமுங்கண்ணா. படகுக்காரங்களுக்கும் கிடைக்கும். கரையிலிருந்தே தனியா இறங்கிப் போறவங்க இருக்காங்க பாருங்க, அவங்க நாலு சிலிண்டர் எடுத்துக்குவாங்க, போவாங்க, வருவாங்க, தாங்க்ஸ்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கூட வந்தவனுக்குத்தான் காசுங்களா? காத்து அடைச்சவனுக்கு இல்லீங்களா?'

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து பெஞ்சில் இருந்த முதலமடை மாங்காய் வியாபாரி ஒருவர் முந்திக்கொண்டார். 'வாடகை கொடுத்தாச்சு. கூட வராதவனுக்கு எதுக்குக் காசு? அப்படிக் கொடுத்தா அது நோக்குகூலிதானே?' என்றார். அருகில் சுமட்டுத் தொழிலாளி நண்பர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே நடந்த வாக்குவாதத்தை எழுத இடம் போதாது. ஆனால் அந்த வியாபாரியின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நம்மில் பலர் நினைப்பதும் அதுதான். ஆகவே அதையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கரையிலிருந்து முழுகுவது எப்படி?

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீருக்கடியில் மூச்சுவிட உதவும் இந்தச் சாதனத்தை 1943-ல் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞ்ஞான் என்ற பொறியாளரும் உருவாக்கினார்கள். இதற்கு ஸ்கூபா என்று பெயர். முதுகில் ஒரு சிலிண்டர், அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், மூச்சு இழுக்கும்போது மட்டும் அளவாகக் காற்று விடும் ஒரு கருவி. இவ்வளவுதான் அதன் சாரம்.

இதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்க இரண்டு வழி உண்டு. படகில் போய் நடுக்கடலில் குதிப்பது ஒன்று. கரையிலிருந்தே நடந்து இறங்கி, நீந்தி, பாறை இருக்குமிடம் போய் முழுகுவது மற்றொன்று. புதியவர்களை நம் நாட்டில் வழிகாட்டி இல்லாமல் அனுப்புவதில்லை; அனுப்பவும் கூடாது. நன்றாகப் பழகி, சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் துணையாக, வழிகாட்டி இல்லாமல் இறங்கும் பழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. கரீபியன் கடலில் பொனேர் என்று நெதர்லாந்துக்குச் சேர்ந்த ஒரு தீவு. 1979-லேயே தன்னைச் சுற்றியுள்ள கடலைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக ஆக்கிய ஊர் அது. அங்கே கடற்கரைச் சாலையோரம் மஞ்சள் வர்ணம் பூசிய கற்களில் முழுகும் இடங்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கல்லைப் பார்த்து நிறுத்தி, தாங்களே இறங்கி, தாங்களே ஏறி, அடுத்த கல்லுக்குப் போவார்கள். கூட வர ஆள் இல்லை. படகும் இல்லை, படகோட்டியும் இல்லை.

படகில் போனால் யாருக்கு இனாம் என்பதில் குழப்பம் இருப்பதில்லை. அமெரிக்கர்கள் போகும் இடங்களில் சிலிண்டர் ஒன்றுக்கு 5 முதல் 10 டாலர் வரை படகாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். கரையிலிருந்து தனியாகப் போகும்போதுதான் கை தயங்குகிறது. கண்ணெதிரே ஆள் இல்லை. ஆகவே வேலையும் இல்லை என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. இந்தக் கணக்கு சரிதானா?

கண்ணுக்குத் தெரியாத வேலை

பையன் சொன்னதையும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரணமாக வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரில் 2,200 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்றை அடைக்கிறார்கள். அதன் உள்ளே காற்றின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் சுமார் 200 மடங்கு. லாரி டயரில் இருப்பது எட்டு மடங்குதான் என்றால் இது எப்பேர்ப்பட்ட அழுத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அவசரப்பட்டு அடைத்தால் சிலிண்டர் சூடேறும். ஆறிய பிறகு அளவு குறைந்துவிடும். ஆகவே நிதானமாக அடைக்க வேண்டும். வால்வின் வாயில் மோதிரம் போல் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் காற்று கசியும். அதையும் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது காற்றின் சுத்தம். கம்ப்ரஸர் டீசலிலோ பெட்ரோலிலோ ஓடுமானால், அதன் புகை காற்று இழுக்கும் வாய்க்குள் போய்விடக் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவு கூட, ஆழத்தில் ஆளை மயக்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் ஏற ஏற விஷத்தின் வேகமும் ஏறும். நீருக்கடியில் மயங்கியவனுக்கு அடுத்த மூச்சு தண்ணீர்தான்.

'காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுத்தானுங்க மிஷினை ஓட்டுவோம். காத்து திரும்பினா நிறுத்திருவோம். பில்டரை நாள் தவறாமப் பார்க்கணும்' என்றான் பையன். போர்வெல் லாரியில் கம்ப்ரஸர் நின்றால் அன்றைய வேலை நிற்கும். இங்கே கம்ப்ரஸர்க்காரன் கவனம் தப்பினால் ஓர் உயிர் நிற்கும்.

காற்று அடைத்ததோடு முடிந்ததா? ஒரு சிலிண்டர் காற்றோடு 16 கிலோவுக்கு மேல் எடை. தண்ணீர் இறங்கிய நேரத்தில் கடற்கரை அகன்று கிடக்கும். சுடுமணலில் அதைத் தோளில் வைத்து நீர் விளிம்பு வரை கொண்டுபோய் வைப்பவர் ஒருவர். முழுகியவர்கள் குறித்த நேரத்தில் திரும்புகிறார்களா என்று கரையில் கண் வைத்திருப்பவர் ஒருவர். திரும்பியதும் உப்புத் தண்ணீரில் ஊறிய சட்டை, குழாய், கருவி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பவர் ஒருவர். சின்னக் கடையானால் இத்தனையும் ஒரே ஆள்.

வழிகாட்டி கூட வரவில்லை என்பது மெய். ஆனால் முழுகியவர் நீருக்கடியில் இழுத்த ஒவ்வொரு மூச்சிலும் இந்தக் கரையாள் கூட வந்திருக்கிறான். ஆகவே 'கூட வராதவனுக்கு எதற்குக் காசு?' என்ற கேள்வியே தவறாகப் போட்ட கேள்வி.

நோக்குகூலியும் இதுவும் ஒன்றா?

கேரளத்தில் இருக்கும் நமக்கு நோக்குகூலியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தன் சாமானைத் தானே இறக்கினாலும், யந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 2018-ம் ஆண்டு மே தினத்திலிருந்து அரசு அதை ஒழித்து உத்தரவு போட்டது. ஒழித்தது சரிதான். ஆனால் சுமட்டுத் தொழிலாளி நண்பர் டீக்கடையில் ஒன்று சொன்னார்: 'வேலை செய்யாமக் காசு வாங்கினதை ஊரெல்லாம் பேசினாங்க. வேலை செஞ்சும் காசு கிடைக்காதவனைப் பத்தி எவன் பேசினான்?'

இதுதான் விஷயம். நோக்குகூலியில் ஆள் கண்ணுக்குத் தெரிந்தான், வேலை இல்லை. இங்கே வேலை இருக்கிறது. ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா?

முத்துக் குளித்தவர்கள் வைத்த வழக்கம்

எங்கள் பாதையில் பாலக்காடு - திருச்செந்தூர் ரயில் ஓடுகிறது. அதில் ஏறிக் கடைசி வரை போனால் இறங்குவது மன்னார் வளைகுடாக் கரையில். முழுகுவது என்றால் இன்று வெளிநாட்டு விளையாட்டாகத் தெரிகிறது. ஆனால் தமிழன் அந்தக் கடலில் பல நூற்றாண்டுகளாக முழுகினான். அவனுக்குச் சிலிண்டர் இல்லை. காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு பை, மேலே படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள். கல்லின் கனத்தில் அடிக்குப் போய், மூச்சு அடக்கி, சிப்பியை அள்ளிப் பையில் போட்டு, கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுத்துத் தூக்குவான். அவன் ஒரு கணம் அசந்தால் கீழே இருப்பவன் கதி அதோகதி. அதனால்தான் அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தங்கை தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைவு அவனை அசர விடாதல்லவா?

அந்தக் கயிறு பிடித்தவருக்கு 'நீ முழுகவில்லையே, உனக்கு எதற்குப் பங்கு?' என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பாகம் சர்க்காருக்கும் ஒரு பாகம் முழுகியவர்களுக்கும் போயிற்று. முழுகியவரின் அந்தச் சிறிய பாகத்திலிருந்தும் கயிறு பிடித்தவருக்குப் பங்கு உண்டு.

இன்னும் பழைய காலத்தைப் பார்ப்போம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகர யாத்ரீகர் மார்க்கோ போலோ முத்துக் குளிப்பைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; இருபதில் ஒரு பங்கு சுறா முதலிய பெரிய மீன்கள் முழுகுகிறவர்களைத் தீண்டாதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு என்று எழுதுகிறார். பிற்காலத்தில் நம்மவர்கள் கடல்கட்டி என்று அழைத்தது இவர்களைத்தான். மந்திரம் பலித்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அவர் கடலுக்கடியில் போகவே இல்லை. ஆனாலும் முழுகுகிறவனுக்கு தைரியம் கொடுத்தார் என்பதற்காக அவருக்கு விகிதம் போட்டுப் பங்கு வைத்திருந்தார்கள்.

மந்திரம் சொன்னவருக்கே பங்கு இருந்த கடற்கரையில், மூச்சுக் காற்றையே அடைத்துக் கொடுத்தவருக்குப் பங்கு இல்லை என்றால் நாம் முன்னேறினோமா, பின்னே போனோமா? தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். முத்து போயிற்று. முத்தோடு அந்த முறையும் போக வேண்டுமா?

கூலி, இனாம், லஞ்சம்

இங்கே ஒரு எச்சரிக்கை. 'எல்லோருக்கும் எல்லா இடத்திலும் இனாம் கொடுங்கள்' என்று நான் சொல்ல வரவில்லை. நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. டூட்டியில் உட்காரும்போது என் சட்டைப்பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். நடுவில் சோதனைக்கு வந்து எண்ணும்போது அதிகமாக இருந்தால் நான் பதில் சொல்ல வேண்டும். பிரயாணி நல்ல மனதோடு, 'மீதி ரெண்டு ரூபாயை நீங்களே வெச்சுக்குங்க' என்பார். அது அவருக்கு இனாம், எனக்குக் குற்றம். என் வேலைக்குச் சம்பளம் உண்டு. அதற்கு மேல் வாங்கினால் அதன் பெயர் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தண்டவாளத்தில் தினமும் அதிகாலையில் கீமேன் ஒருவர் சுத்தியலும் ஸ்பேனரும் சுமந்து தம் எல்லை முழுவதும் நடக்கிறார். கழன்ற சாவியை அடித்து இறுக்குகிறார். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி ரயிலை நிறுத்துகிறார். காற்று அடைக்கும் பையனைப் போலவே இவரும் கண்ணுக்குத் தெரியாதவர். உயிரைக் காப்பவர். இவருக்கு எந்தப் பிரயாணியும் இனாம் கொடுத்ததில்லை, கொடுக்கவும் வேண்டாம். ஏன்? அவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, லீவு இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. அந்தச் செலவு நாம் வாங்கும் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

பாலக்காடு சந்திப்பில், பழையவர்கள் இன்னும் ஒலவக்கோடு என்றே சொல்லும் அந்த ஸ்டேஷனில், சிவப்புச் சட்டை போர்ட்டருக்கு மாதச் சம்பளம் கிடையாது. 2016-ம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்கு 'சகாயக்' என்று கௌரவமான பெயர் வைத்தார்கள். பெயர் மாறியது, சுமை மாறவில்லை. அவருக்குக் கிடைப்பது ரேட் போர்டில் உள்ள கூலி. அதற்கு மேல் ஐந்தோ பத்தோ நாம் கொடுத்தால் அது அவரைக் கெடுக்காது.

ஆகவே மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பேசியபடி கொடுக்க வேண்டியது கூலி. அது கடன். கூலி போக, மனம் நிறைந்து கொடுப்பது இனாம். சட்டத்தை வளைக்கக் கொடுப்பது லஞ்சம். கடலில் இந்த மூன்றாவதும் உண்டு. 'இன்னும் ஆழம் போகவிடு', 'இன்னொரு சிலிண்டர் கொடு, நேரம் ஆனால் பரவாயில்லை', 'ஒரு பவளத் துண்டு எடுத்துக்கொள்கிறேன், கண்டுகொள்ளாதே' என்று சொல்லி நோட்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பவளத்தை உடைத்து எடுப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த நோட்டை வாங்கும் பையன் மாட்டிக்கொள்வான். நீட்டியவர் விமானம் ஏறிவிடுவார்.

இனாம் சம்பளத்தை விழுங்கக் கூடாது

இனாம் பழக்கத்துக்கு எதிரான வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. 'நீங்கள் கொடுக்கக் கொடுக்க முதலாளி சம்பளத்தைக் குறைப்பார்' என்பது அது. உண்மைதான். அமெரிக்காவில் நடந்திருப்பது அதுதான். அங்கே இனாம் வாங்கும் தொழிலாளிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அது உயரவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் கொடுப்பார் என்று சட்டமே எழுதி வைத்துவிட்டது. ஜப்பானில் நேர் எதிர். அங்கே சாப்பாட்டுக் கடையில் மேஜையில் காசை விட்டுவிட்டு வந்தால், 'மறந்துவிட்டீர்கள்' என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்களாம்.

நம் நாட்டிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓட்டல் பில்லில் கேட்காமலே 'சர்வீஸ் சார்ஜ்' சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்பது அதன் சாரம். சரியான தீர்ப்பு. இனாமைக் கட்டாயமாக்கினால் அது இனாம் அல்ல, வரி.

ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக மனிதத்தனமும் இல்லை என்று ஆகிவிடுமா? முதலாளி நியாயமான சம்பளம் கொடுக்கட்டும். அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாள் வரும்வரை, சுடுமணலில் சிலிண்டர் சுமக்கிறவனிடம் பொருளாதாரம் பேசிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவது பெருந்தன்மை ஆகாது.

எப்படிக் கொடுப்பது?

குறை சொல்வது எளிது. வழி சொல்ல வேண்டும். பையனிடம் கேட்டு, நானும் யோசித்து, என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் இப்போது கோவளம், புதுச்சேரி, அந்தமான் என்று முழுகப் போகிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களும் விடுமுறையில் போகிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம்.

ஒன்று: போன உடனே, 'காற்று அடைப்பது யார்?' என்று கேளுங்கள். பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். காசு அப்புறம்.

இரண்டு: எவ்வளவு என்றால், வழிகாட்டிக்குக் கொடுக்கும் அளவு கொடுக்க வேண்டியதில்லை; அவர் வேலை வேறு. தனியாகப் போய்வரும் இருவர், நாள் ஒன்றுக்கு, அந்த ஊரில் ஒரு நல்ல சாப்பாட்டின் விலையைக் கொடுத்தால் போதும். கொடுப்பவருக்கு அது பெரிதல்ல. வாங்குபவருக்கு அது சிறிதல்ல.

மூன்று: தினமும் கொடுத்தாலும் சரி, கடைசி நாள் சேர்த்துக் கொடுத்தாலும் சரி. ஆனால் கடைசி நாள் அவன் இருப்பானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 'நாளைக்குத் தருகிறேன்' என்று சொன்னவர்களின் நாளை வராமலே போனது பல உண்டாம்.

நான்கு: பொதுப் பெட்டி இருந்தால், அது யார் யாருக்குப் பிரிக்கப்படுகிறது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கல்லாவில் இருப்பவருக்கும் மீன் காட்டுகிறவருக்கும் மட்டும் பிரிகிற பெட்டியானால், கரையாள் கையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து: நம் நாட்டு நோட்டாகக் கொடுங்கள். அயல்நாட்டுச் சில்லறைக் காசுகளை நினைவுப் பரிசு என்று கொடுத்தால் அதை எந்த பாங்கியிலும் மாற்ற முடியாது.

ஆறு: வேலையில் குறை இருந்தால் கொடுக்காதீர்கள், அதோடு குறையை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிலிண்டரைத் திறந்ததும் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் முழுகவே வேண்டாம். பேசாமல் இனாமை மட்டும் நிறுத்திவிட்டுப் போனால் அடுத்து வருபவர் உயிருக்கு யார் பொறுப்பு?

கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காசு செலவில்லாத காரியம் அது. முழுகும் இடம், அலையின் நிலை, வழிகாட்டியின் பெயர் எல்லாம் எழுதும் கரும்பலகையில், 'இன்று காற்று அடைத்தவர்' என்று ஒரு வரி சேருங்கள். பெயர் தெரிந்தால் வருபவருக்கும் கேட்கத் தோன்றும். அடைப்பவருக்கும் பொறுப்பு கூடும். கூலியையும் இனாமையும் குழப்பாமல், 'எங்கள் ஆட்களுக்கு நாங்கள் முழுச் சம்பளம் கொடுக்கிறோம், இனாம் வேண்டாம்' என்று பலகை வைக்கும் கடை ஒன்று இருந்தால் அதற்கு என் முதல் வணக்கம்.

'இனாம் வாங்குவது பிச்சை இல்லையா?' என்று டீக்கடையில் கடைசியாக ஒரு பெரியவர் கேட்டார். பையன் உடனே பதில் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: 'போன வருஷம் வயசான ஒருத்தர் வந்தாருங்க. முழுகிட்டு வந்து, எம் பேரைக் கேட்டு, அவரு நோட்டுல முழுகின கணக்கு எழுதறாங்கல்ல, அதுல எம் பேரையும் எழுதிக்கிட்டாரு. காசு கொஞ்சந்தான் கொடுத்தாரு. அதை வாங்கறப்ப எனக்குப் பிச்சைன்னு தோணலீங்க.'

மழை விட்டதும் அவன் புறப்பட்டுப் போனான். இந்நேரம் அங்கே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். அவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்தமான் போகும் வாசகர்கள் யாராவது இருந்தால், கரையில் கையை வீசிக்கொண்டு நடக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று, உங்கள் காற்றை அடைத்தவர் பெயரைக் கேளுங்கள். அவர் எங்கள் ஊர்ப் பையனாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த ஊர்ப் பையனானாலும் கேளுங்கள்.